கூட்டம் பொருளான கதை

ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் பெயர்ச்சொற்களுள் ‘திங்’ என்பதைப் போலப் பரந்த ஆட்சி உடையவை மிகச் சிலவே. பெயர் தெரியாத பண்டத்தையும், பெயர் தெரிந்தும் நாவில் வர மறுக்கும் பண்டத்தையும், கையால் தொடக்கூடியதையும், மனத்தால் மட்டுமே எண்ணக்கூடியதையும், ஒரு நிகழ்ச்சியையும், ஒரு செயலையும், இரக்கத்துக்குரிய ஒரு சிறு குழந்தையையும்கூட அச்சொல் ஒன்றே சுட்டிவிடும். வெளியூர்ப் பயணத்துக்குப் புறப்படும் தமிழ் வீடுகளிலும், எடுத்துவைக்க வேண்டிய துணிமணி, பாத்திரம், மருந்து எல்லாவற்றையும் சேர்த்துத் ‘திங்ஸ்’ என்று சொல்லும் வழக்கம் வேரூன்றிவிட்டது. எதை வேண்டுமானாலும் குறிக்கும் சொல் எதையும் தனித்துக் குறிப்பதில்லை. ஆதலால் அதற்கு ஒரு பிறப்பும் வளர்ப்பும் இருந்திருக்கக்கூடும் என்ற நினைப்பே பேசுவோர்க்கு எழுவதில்லை. ஆனால் இச்சொல் தோன்றிய காலத்தில் அது எந்தப் பண்டத்தின் பெயராகவும் இருக்கவில்லை. வழக்குத் தீர்க்கவும் சட்டம் வகுக்கவும் குறித்த நாளில் குறித்த திடலில் கூடிய மக்கள் அவையின் பெயராகவே அது வழங்கியது. மனிதர் கூடிய கூட்டத்தின் பெயர், மனிதர் இல்லாத வெறும் பண்டத்தின் பெயராக முடிந்த இந்தப் பயணம், மொழியின் வரலாற்றோடு பொதுவாழ்வின் வரலாற்றையும் தன்னுள் பொதிந்து வைத்திருக்கிறது.

ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, டேனிஷ், ஸ்வீடிஷ், நார்வீஜியன், ஐஸ்லாந்து மொழி முதலியவற்றை ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவையாகக் கொண்டு ஜெர்மானிய மொழிக் குடும்பம் என்று மொழியியலார் அழைப்பர். இக்குடும்பத்தின் பழைய மொழிகளில் ‘திங்’ என்பதும் அதன் உறவு வடிவங்களும் அவைக் கூட்டம் என்னும் பொருளில் பதிவாகியுள்ளன. இங்கிலாந்தின் தென்கிழக்கில் உள்ள கென்ட் பகுதியை ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட ஹ்லோத்ஹெர், எயாட்ரிக் என்னும் அரசர்களின் பெயரால் வழங்கும் சட்டங்களில், ஒருவன் மற்றொருவன்மீது குற்றம் சாட்டி அவனை அவையில் எதிர்கொள்வதைப் பற்றிப் பேசும் இடத்தில் இச்சொல் ஆளப்பட்டிருக்கிறது. இதனினும் பழைய அடுக்கு ஒன்றும் இச்சொல்லுக்கு உண்டு என்று கருதப்படுகிறது. வழக்கொழிந்துபோன ஜெர்மானிய மொழியாகிய கோதிக்கில் இதன் உறவுச்சொல் காலம் என்று பொருள்படுகிறது. ஆகவே முதலில் குறித்த காலத்தையும், அடுத்து அந்தக் காலத்தில் கூடும் அவையையும் இச்சொல் உணர்த்தியிருக்க வேண்டும் என்பது மொழியியலார் கொள்ளும் முடிவு. நீதிமன்றங்களில் தமிழர் ‘வாய்தா’ என்று சொல்லும் சொல்லை நினைவில் கொண்டால், நாள் குறிப்பதும் நீதி கேட்பதும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதை எளிதில் உணரலாம்.

ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் கி.பி. 98ஆம் ஆண்டளவில் ஜெர்மானியக் குடிகளைப் பற்றி எழுதிய சிறுநூல் இந்த ஊகத்துக்கு வலுச் சேர்க்கிறது. அக்குடிகள் எதிர்பாராத அவசரம் நேர்ந்தாலன்றி, அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டிய குறித்த நாள்களில் கூடினர் என்றும், சிறிய செய்திகளைத் தலைவர்கள் மட்டும் ஆராய்ந்தனர், பெரியவற்றை எல்லோரும் ஆராய்ந்தனர் என்றும், சொல்லப்பட்ட கருத்துப் பிடிக்காவிட்டால் முணுமுணுப்பால் மறுத்து, பிடித்திருந்தால் ஈட்டிகளை மோதி ஒலியெழுப்பி ஏற்றனர் என்றும் அவர் எழுதுகிறார். வடஇங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் மதிலின் ஹவுஸ்டெட்ஸ் கோட்டையருகே 1883இல் கிடைத்த பலிபீடக் கல்வெட்டு வேறொரு சான்று. ரோமானியப் படையில் பணியாற்றிய ஃபிரீசிய வீரர்கள் மூன்றாம் நூற்றாண்டில் பொறித்த அக்கல்வெட்டில் போர்க்கடவுளாகிய மார்ஸ், ‘திங்சுஸ்’ என்ற அடைமொழியோடு, அதாவது அவைக்குரிய தெய்வமாக, வணங்கப்படுகிறார். செவ்வாய்க்கிழமைக்கு ஜெர்மன் மொழியிலும் டச்சு மொழியிலும் வழங்கும் ‘தீன்ஸ்டாக்’, ‘டின்ஸ்டாக்’ என்னும் பெயர்கள் இந்தத் தெய்வத்தின் வழி வந்தவை என்று மொழியியலார் பலர் கொள்வர். போருக்குரிய தெய்வமே அவைக்கும் காவலாக நின்றது என்ற செய்தி ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆயுதத்தால் தீர்த்துக்கொள்ளக்கூடிய பகையைச் சொல்லால் தீர்த்துக்கொள்ளும் இடமாக அவை இருந்ததால், ஆயுதத்தை அடக்கியாளும் தெய்வத்தின் கண்காணிப்பு அங்கே தேவைப்பட்டது போலும்.

இவ்வகை அவை முழு வளர்ச்சி பெற்ற இடம் ஐஸ்லாந்து. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அத்தீவில் குடியேறியவர்கள், தங்களுக்கென அரசன் ஒருவனை ஏற்படுத்திக்கொள்ளாமல், 930ஆம் ஆண்டளவில் ‘ஆல்திங்’ என்ற பொதுஅவையை நிறுவினர். ‘ஆல்’ என்னும் முன்னொட்டு அனைவருக்கும் உரியது என்பதைக் குறிக்கும். தீவின் தென்மேற்கில், வட அமெரிக்கப் புவித்தட்டும் யூரேசியப் புவித்தட்டும் ஒன்றைவிட்டு ஒன்று மெல்ல விலகுவதால் நிலம் பிளந்து உருவான பள்ளத்தாக்கில், ‘திங்வெல்லிர்’, அதாவது அவைத்திடல், என்று பெயர் பெற்ற வெளியில் ஆண்டுதோறும் கோடையில் ஏறக்குறைய இரண்டு வாரம் இந்த அவை கூடியது. தொலைவிலிருந்து குதிரைமீது வந்தவர்கள் கல்லாலும் புல்மண்ணாலும் எழுப்பிய சுவர்களின் மேல் துணிக்கூரை போட்டுத் தங்கினர். சட்டம் எழுதப்படாத அக்காலத்தில் அதனை நினைவில் ஏந்தியிருந்தவர் ‘சட்டம் ஓதுபவர்’ என்ற பதவிக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவர் சட்டப்பாறை எனப்பட்ட மேட்டில் நின்று ஒவ்வொரு கோடையிலும் சட்டத்தின் மூன்றில் ஒரு பங்கை உரக்க ஓத, மூன்று கோடைகளில் முழுச் சட்டமும் மக்கள் காதில் விழுந்துவிடும். சட்டத்தை எழுத்தில் வடிக்கும் பணி 1117ஆம் ஆண்டின் குளிர்காலத்தில்தான் தொடங்கியது. அதுவரை ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுக் காலம் ஒரு நாட்டின் சட்டம், ஓதுபவரின் குரலிலும் கேட்பவரின் செவியிலும் மட்டுமே உயிர்வாழ்ந்தது.

அந்த அவை எதிர்கொண்ட சிக்கல்களுள் தலையாயது சமயம் பற்றியது. 1000ஆம் ஆண்டை ஒட்டி, பழைய தெய்வங்களை வணங்கியோரும் கிறித்தவத்தைத் தழுவியோரும் தனித்தனிச் சட்டங்களின்கீழ் பிரிந்து வாழ்வதாக அவையில் அறிவிக்கும் நிலை உருவானபோது, முடிவு சொல்லும் பொறுப்பு அப்போதைய சட்டம் ஓதுபவரான தோர்கெய்ர் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பழைய சமயத்தைச் சேர்ந்த அவர் ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் பேசாமல் படுத்திருந்துவிட்டு எழுந்து, சட்டம் இரண்டாகப் பிளந்தால் அமைதியும் பிளந்துபோகும் என்று காரணம் காட்டி, எல்லோரும் திருமுழுக்குப் பெற வேண்டும் என்றும், பழைய வழக்கங்கள் சிலவற்றை இப்போதைக்குத் தொடரலாம் என்றும் தீர்ப்புரைத்தார் என, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து வரலாற்றை எழுதிய ஆரி என்னும் அறிஞர் பதிவு செய்திருக்கிறார். தன் தரப்புக்கு எதிராகத் தானே தீர்ப்பளித்த ஒருவரின் சொல்லை இரு தரப்பும் ஏற்றன. அவையின் ஆற்றல் இத்தகைய இசைவில்தான் இருந்ததேயன்றிப் படையில் இருக்கவில்லை. தீர்ப்பை நிறைவேற்றும் அதிகாரிகள்கூட ஆல்திங்குக்குக் கிடையாது. வென்றவரே தம் தீர்ப்பை நிறைவேற்றிக்கொள்ள வேண்டும்.

இதனைக் குறையற்ற மக்களாட்சியாகக் கொள்வது தவறாகும். அடிமைகளுக்கு அங்கே குரல் இல்லை. பெண்கள் அவையின் முடிவுகளில் பங்கேற்கவில்லை. செல்வமும் ஆதரவாளர் கூட்டமும் உடைய தலைவர்களின் கையே ஓங்கியிருந்தது. பிற்காலத்தில், 1564இல் கொண்டுவரப்பட்ட கடுமையான ஒழுக்கச் சட்டத்தின்படி, பிள்ளைக் கொலைக்கும் முறைதவறிய உறவுக்கும் தண்டனை பெற்ற பெண்கள் அதே திடலருகே ஓடும் ஆற்றின் மடுவில் அமிழ்த்திக் கொல்லப்பட்டனர். அந்த மடு இன்றும் ‘மூழ்கடிக்கும் மடு’ என்றே அழைக்கப்படுகிறது. அவை என்பது நீதியின் வாக்குறுதி மட்டுமே. அவ்வாக்குறுதி காப்பாற்றப்படுவதும் மீறப்படுவதும் கூடியிருப்போர் யார், கூட விடப்படாதோர் யார் என்பதைப் பொறுத்தது. நார்வே அரசின் ஆட்சிக்கு 1262 முதல் உட்பட்ட பின்னரும் தொடர்ந்து கூடிய ஆல்திங், திங்வெல்லிரில் கடைசியாக 1798இல் கூடி, 1800இல் ஒழிக்கப்பட்டு, 1845இல் ரெய்க்யவிக் நகரில் மீண்டும் உயிர்பெற்றது. ஐஸ்லாந்து 1944 ஜூன் 17 அன்று தன்னைக் குடியரசாக அறிவித்துக்கொண்டபோது, அந்த அறிவிப்புக்கு மக்கள் கூடிய இடம் பழைய அவைத்திடலே.

சொல்லின் முதற்பொருள் பிற வடஐரோப்பிய மொழிகளிலும் அழியாமல் இருக்கிறது. ஸ்காண்டிநேவிய மொழிகளில் முதலெழுத்தின் உரசொலி வல்லொலியாகத் திரிந்துவிட்டதால் நார்வே நாடாளுமன்றம் ‘ஸ்டோர்டிங்’ என்றும், டென்மார்க் நாடாளுமன்றம் ‘ஃபோல்கெடிங்’ என்றும் பெயர் பெற்றுள்ளன. முன்னது பேரவை என்றும், பின்னது மக்களவை என்றும் பொருள்படும். ஸ்வீடனில் முதல்நிலை நீதிமன்றத்தின் பெயரிலும் இச்சொல் உண்டு. வைக்கிங் குடியேறிகள் சென்ற வழியெல்லாம் ஊர்ப்பெயர்களாகவும் இது படிந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் டிங்வால், ஷெட்லாந்து தீவுகளின் டிங்வால், இங்கிலாந்தின் திங்வால், மேன் தீவின் நாடாளுமன்றப் பெயராகிய டின்வால்ட் ஆகிய அனைத்தும் அவைத்திடல் என்னும் ஒரே பெயரின் வெவ்வேறு உச்சரிப்புகள். ஆங்கிலத்திலேயே ‘ஹஸ்டிங்ஸ்’ என்ற சொல் மறைவாக எஞ்சியுள்ளது. அரசனோ தலைவனோ தன் இல்லத்தாரைக் கூட்டிய அவைக்கு ‘இல்ல அவை’ என்ற பொருளில் வழங்கிய நார்ஸ் மொழிச் சொல் அது. பிறகு லண்டன் மாநகரின் பழைய நீதிமன்றம் ஒன்றின் பெயராகி, அடுத்துத் தேர்தலில் வேட்பாளர் ஏறிப் பேசும் மேடையைக் குறித்து, 1872ஆம் ஆண்டின் வாக்குச்சீட்டுச் சட்டம் அம்மேடையை வழக்கொழித்த பின்னரும் தேர்தல் களத்தையே குறிப்பதாக நிலைத்துவிட்டது. இந்திய ஆங்கில நாளிதழ்கள் தேர்தல்தோறும் அச்சிடும் அச்சொல்லுக்குள் ‘திங்’ ஒளிந்திருப்பது படிப்போர் கண்ணில் படுவதே இல்லை.

கூட்டம் எவ்வாறு பொருளாயிற்று என்பதை மூன்று படிகளாகப் பிரித்து நோக்கலாம். முதற்படியில் சொல் அவையைக் குறித்தது. இரண்டாவது படியில் அவையின் முன் வைக்கப்பட்ட வழக்கு, எல்லை பற்றிய தகராறு, கொலைக்கு ஈடு கேட்கும் முறையீடு முதலியவற்றையும் குறிக்கத் தொடங்கியது. இடத்தின் பெயர் அங்கே நடப்பதற்கு ஆகிவருவது எம்மொழியிலும் இயல்பு. ‘பஞ்சாயத்து’ என்பது ஊர்ப் பெரியவர்களின் அவையைக் குறித்ததோடு அவர்கள் முன் வந்த தகராறையும் தமிழில் குறிப்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்றாவது படியில் அவை மறைந்து, வழக்கும் மறைந்து, கவனத்துக்கு வரும் எந்தச் செய்தியும், கடைசியில் எந்தப் பண்டமும் ‘திங்’ ஆயிற்று. பழைய ஆங்கிலத்தில் இந்த மூன்று படிகளின் பொருள்களும் ஒரே காலத்தில் அருகருகே வழங்கியுள்ளன. இச்சொல்லின் அடியாகப் பிறந்த ‘திங்கியன்’ என்ற வினைச்சொல் அக்காலத்தில் பிறருக்காகப் பரிந்து பேசுதல், பகைவரிடையே உடன்பாடு காணுதல் என்னும் பொருள்களைத் தந்தது. அந்த வினைச்சொல் வழக்கொழிந்தபோது, பண்டத்துக்கும் பரிந்துரைக்கும் இடையே இருந்த கடைசி இழை ஆங்கிலத்தில் அறுந்துபோயிற்று.

சொல்லின் சிறப்புப் பொருள் தேய்ந்து அது வெறும் இலக்கண வேலைக்காரனாக மாறுவதை மொழியியலார் பொருள் வெளிறல் என்பர். பலமுறை துவைத்த துணியின் சாயம் போவது போன்ற நிகழ்ச்சி அது. ஆங்கிலத்தில் இந்த வெளிறலுக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. இங்கிலாந்தில் அவைக்குப் பெரிதும் வழங்கிய உள்ளூர்ச் சொல் ‘மூட்’ என்பதன் பழைய வடிவமே. 1066இல் நார்மானியர் நாட்டைக் கைப்பற்றிய பின் சட்டத்தின் மொழி பிரெஞ்சு ஆகிவிட, நீதிமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் பிரெஞ்சுச் சொற்களே அமைந்தன. அவைப்பொருள் பறிபோன ‘திங்’ பொதுமைக்குள் கரைந்தது. ‘மூட்’ என்பதோ விவாதத்துக்குரிய கருத்து என்ற பொருளில் ஓர் அடைமொழியாக எஞ்சியது. ஆட்சியும் நீதியும் மக்கள் பேசிய மொழியைவிட்டு அகன்றபோது அந்த மொழியின் அவைச்சொற்கள் வேலையற்றுப் போனதை இதில் காணலாம்.

இந்த மாற்றம் ஒரு மொழியில் ஒருமுறை நேர்ந்த தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாதபடி, வேறு மொழிகளிலும் இது தனித்தனியே நிகழ்ந்திருக்கிறது. லத்தீனில் ‘காவ்ஸா’ என்ற சொல் காரணத்தையும் நீதிமன்ற வழக்கையும் குறித்தது. அதிலிருந்து பிறந்த பிரெஞ்சு ‘ஷோஸ்’, இத்தாலிய ‘கோசா’, ஸ்பானிய ‘கோசா’ ஆகியவை இன்று பொருள், பண்டம் என்பதற்கான சாதாரணச் சொற்கள். ஜெர்மன் மொழியில் பொருளைக் குறிக்கும் ‘ஸாஹெ’ என்பது பழங்காலத்தில் தகராறையும் வழக்கையும் குறித்தது. அதன் ஆங்கில உறவாகிய ‘சேக்’, ஒருவர் பொருட்டு ஒன்றைச் செய்வதைச் சொல்லும் தொடரில் மட்டும் தங்கியிருக்கிறது. அத்தொடருக்குத் தமிழில் ‘பொருட்டு’ என்ற சொல்லே நிகராக வருவது, இருமொழியும் வெவ்வேறு வழியில் ஒரே வாசலை அடைந்திருப்பதைக் காட்டுகிறது. சமஸ்கிருதத்தின் ‘அர்த்த’ என்னும் சொல் நோக்கம், செல்வம், பொருள், சொல்லின் கருத்து ஆகியவற்றோடு வழக்கையும் குறிக்கும்; தருமசாத்திர நூல்களில் வழக்குத் தொடுப்பவர் ‘அர்த்தி’, எதிர்வழக்காடுபவர் ‘பிரத்யர்த்தி’. சொல்லால் குறிக்கப்படுவது என்று தத்துவ நூல்களில் ஆளப்பட்ட ‘பதார்த்தம்’, தமிழ்ப் பேச்சில் இலையில் பரிமாறும் உணவுவகையாக இறங்கிவந்திருப்பதும் இவ்வகை வெளிறலே.

பேச்சிலிருந்து பொருளுக்கு வந்த மொழிகளும் உண்டு. எபிரேய மொழியில் ‘தாவார்’ என்ற ஒரே சொல் பேச்சையும் பொருளையும் குறிக்கிறது. போலந்து மொழியில் பொருளைக் குறிக்கும் ‘ஜெச்’ என்பதன் உறவுச்சொல் ரஷ்ய மொழியில் இன்றும் பேச்சைக் குறிக்கிறது. போலந்துக்காரர் தம் குடியரசை அழைக்கும் பெயரில் அச்சொல் லத்தீன் ‘ரெஸ்’ என்பதற்கு நேராக நிற்கிறது. குடியரசைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லுக்கு மூலமான ‘ரெஸ் பப்ளிகா’ என்னும் லத்தீன் தொடர், பொதுவான பொருள், எல்லோருக்கும் உரிய செய்தி என்றே விரியும். அதே ‘ரெஸ்’ பிரெஞ்சில் ‘ரியாங்’ என்று திரிந்து ‘ஒன்றுமில்லை’ என்ற பொருளை எய்திவிட்டது. எதிர்மறை வாக்கியத்தில் ‘ஒரு பொருளும்’ என்று வந்துவந்து, எதிர்மறையின் நிழல் சொல்லின்மேல் நிலையாகப் படிந்துவிட்டதே அதற்குக் காரணம். பொதுவாழ்வின் பெயர் ஒருபுறமும் வெறுமையின் பெயர் மறுபுறமும் ஒரே வேரிலிருந்து கிளைத்திருக்கின்றன.

பேச்சுமொழி மறந்ததைச் சட்டமொழி மறக்கவில்லை. ஆங்கிலச் சட்டத்தில் ‘ஷோஸ் இன் ஆக்‌ஷன்’ எனப்படும் பழைய கருத்தாக்கம், கையில் எடுத்துக் காட்ட முடியாததும் வழக்குத் தொடுத்துப் பெறக்கூடியதுமான உரிமையை, எடுத்துக்காட்டாக வரவேண்டிய கடனை, ஒரு பொருளாகவே கொள்கிறது. இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தில் வழக்கிடத்தக்க கோரிக்கை என்று வரையறுக்கப்படுவது இதற்கு நெருங்கிய உறவினது. ஒருமுறை தீர்க்கப்பட்ட வழக்கை அதே தரப்பினரிடையே மீண்டும் கிளப்பலாகாது என்று 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு விதிப்பதைத் தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் ‘ரெஸ் ஜுடிகேட்டா’ என்று குறிப்பிடுவர்; அங்கே ‘ரெஸ்’ என்பது மேசை நாற்காலியைச் சுட்டாமல், தீர்க்கப்பட்ட சங்கதியையே சுட்டுகிறது. ஆங்கிலக் கடிதங்களின் தலைப்பில் இடம்பெறும் ‘ரீ’ என்ற இரண்டெழுத்தும் அதே லத்தீன் சொல்லின் வேற்றுமை உருபேற்ற வடிவமே. ‘இச்செய்தி தொடர்பாக’ என்பது அதன் கருத்து.

இச்சொல்லின் பழம்பொருளைத் தத்துவஞானிகளும் தேடிச் சென்றனர். 1781இல் வெளிவந்த தம் பெருநூலில் கான்ட், அறிபவரின் புலன்களுக்கும் அறிவுக்கும் எட்டாமல் தன்னளவில் நிற்கும் பொருளைப் பற்றிப் பேசினார். அங்கே பொருள் முற்றிலும் தனிமைப்பட்டு நிற்கிறது. மார்ட்டின் ஹைடெகர் 1950இல் நிகழ்த்திய உரையில் ஒரு குடுவையை எடுத்துக்கொண்டு, அதன் பொருள்தன்மை மண்ணில் இல்லை, நீரை ஏந்தவும் வார்க்கவும் இடந்தரும் வெற்றிடத்தில் இருக்கிறது என்று விளக்கி, பழைய ஜெர்மன் மொழியில் இச்சொல் கூடுகையைக் குறித்ததை நினைவூட்டினார். வானையும் மண்ணையும், தெய்வங்களையும் மானிடரையும் தன்னிடம் கூட்டுவதே பொருள் என்பது அவர் கொண்ட முடிவு. பிரெஞ்சுச் சிந்தனையாளர் புரூனோ லத்தூர், 2005இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவ நகரில் பீட்டர் வைபலுடன் இணைந்து அமைத்த கண்காட்சியில் இக்கருத்தைப் பொதுவாழ்வுக்குள் கொண்டுவந்தார். ஆறு, கிருமி, அணை, பருவநிலை ஆகியவற்றை ஆய்வுக்கூடத்தில் முடிந்துவிட்ட உண்மைகளாக மட்டும் கொள்ளாமல், பலரும் கூடிப் பேச வேண்டிய அக்கறைகளாகக் கொள்ள வேண்டும் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

சொற்பிறப்பைக் கொண்டு வாழ்வுக்கு நெறி கூறுவோர் ஓர் எச்சரிக்கையை மறத்தலாகாது. ஒரு சொல்லின் ஆதிப்பொருளே அதன் உண்மைப் பொருள் என்று வாதிடுவது தருக்கப் பிழை. ஜெர்மனியில் 1933க்குப் பின் நாஜிகள் இந்தப் பழஞ்சொல்லைத் தூசி தட்டி எடுத்து, ‘திங்’ திடல்கள் என்ற பெயரில் திறந்தவெளி அரங்குகளைக் கட்டி, கட்சியின் நாடகங்களை அங்கே அரங்கேற்றினர். ஹைடெல்பர்க் நகருக்கு மேலுள்ள குன்றில் 1935இல் நாஜி அமைச்சர் கோயபல்ஸ் திறந்துவைத்த அரங்கு இன்றும் நிற்கிறது. அங்கே கூடியவர்கள் எண்ணிக்கையில் மிகுந்திருந்தும் எவருக்கும் மறுத்துப் பேசும் உரிமை இல்லை. முணுமுணுக்க இடமில்லாத கூட்டம், எத்தனை பழைய பெயரைச் சூட்டிக்கொண்டாலும் அவை ஆகாது. ஹைடெகரே 1933இல் அக்கட்சியில் சேர்ந்தவர் என்பதும், வேர்ச்சொல் ஆராய்ச்சி ஒருவரின் அறவுணர்வுக்குப் பிணையாகாது என்பதை உணர்த்தும்.

எனினும் சொல்வரலாறு எதையும் மெய்ப்பிக்காவிட்டாலும், மறந்துபோனதை நினைவூட்டும் வலிமை அதற்கு உண்டு. இன்று பொருள் என்றவுடன் மனத்தில் எழுவது கடையில் வாங்கி, வீட்டில் வைத்து, பழுதானால் எறிந்துவிடும் ஒன்று. அதற்கு உரிமையாளர் ஒருவர் உண்டு, விலை ஒன்று உண்டு, அதனோடு கதை முடிந்தது. அந்தப் பார்வையில் ஏரி என்பது இத்தனை கன அடி நீர். மணல் என்பது இத்தனை லாரிச் சுமை. காடு என்பது இத்தனை ஏக்கர். அவைப்பொருளோடு நோக்கினால், ஏரி என்பது மேல்மடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும், மீன் பிடிப்போருக்கும் கரையில் குடியிருப்போருக்கும் இடையே நாள் குறித்துப் பேசித் தீர்க்க வேண்டிய சங்கதி. ஏரியில் நீர் இருப்பதால் அது பொருளாகிறது என்பது உண்மையே. ஆனால் அந்நீரைப் பற்றிப் பலர் பேச உரிமையுடையோராய் இருப்பதாலேயே அது பொதுப்பொருளாகிறது. பேசும் உரிமை ஒவ்வொருவரிடமிருந்தாகக் கழன்றுகொண்டே வரும்போது, பொருள் ஒருவரின் சொத்தாகவும், பின்பு வெறும் சரக்காகவும் சுருங்குகிறது. ‘திங்’ என்ற சொல் வெளிறியதற்கும் இந்தச் சுருக்கத்துக்கும் நேரடித் தொடர்பு காட்ட இயலாது. ஆனால் இரண்டும் ஒரே திசையில் நடந்த நடை.

தமிழ் இந்த நினைவை முற்றிலும் இழந்துவிடவில்லை. மேலே ஆளப்பட்ட ‘சங்கதி’ என்னும் சொல், கூடுதல், சந்தித்தல் என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல்லின் தமிழ் வடிவம். அது தமிழில் செய்தி, விவகாரம் என்ற பொருளில் வேரூன்றியதோடு, இசையரங்கில் ஒரே அடியைப் பலவாறு விரித்துப் பாடும் நயத்துக்கும் பெயராயிற்று. கூடுதல் என்பதிலிருந்து விவகாரம் என்பதற்கு அச்சொல் வந்த வழி, ‘திங்’ வந்த வழியே. ‘பொருள்’ என்னும் தனித்தமிழ்ச் சொல்லோ பண்டம், செல்வம், கருத்து, பேசப்படும் செய்தி ஆகிய நான்கையும் ஒருசேர ஏந்தி நிற்கிறது. தொல்காப்பியத்தில் வாழ்வின் ஒழுகலாறுகளை ஆராயும் பகுதி பொருளதிகாரம். திருக்குறளில் அரசும் அமைச்சும் நாடும் குடியும் பேசப்படும் பகுதி பொருட்பால். செல்வம் பற்றிய நூற்பகுதிக்குள் அவையறிதலும் அவை அஞ்சாமையும் இரண்டு அதிகாரங்களாக இடம்பெற்றிருப்பது, பொருளும் அவையும் பிரிக்க முடியாதவை என்ற தெளிவு தமிழ்ச் சிந்தனையில் இருந்ததைக் காட்டுகிறது.

மேன் தீவில் ஆண்டுதோறும் ஜூலை 5ஆம் நாளை ஒட்டி டின்வால்ட் அவை திறந்தவெளியில், படிப்படியாக உயரும் ஒரு மண்மேட்டின் மீது கூடுகிறது. அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டங்களின் சுருக்கம் ஆங்கிலத்திலும், தீவின் பழைய மொழியாகிய மேங்க்ஸிலும் உரக்கப் படிக்கப்படுகிறது; குறையுடைய எவரும் அந்த மேட்டின் அடியில் வந்து தம் முறையீட்டை அளிக்கலாம். தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் வரிசையில் நிற்போரின் கைகளிலும் தாள்கள் இருக்கின்றன. பட்டா வேண்டியும், பாதை வேண்டியும், முதியோர் ஓய்வூதியம் வேண்டியும், குடிநீர் வேண்டியும் எழுதப்பட்ட அம்மனுக்களில் அனுப்புநர், பெறுநர் என்பவற்றை அடுத்து, ஐயா அல்லது அம்மா என்ற விளிக்குப் பக்கத்தில், ஒரு வரி தனியே நிற்கும். அந்த வரி ‘பொருள்’ என்றே தொடங்குகிறது. எழுதியவர் அங்கே எந்தப் பண்டத்தையும் குறிப்பிடவில்லை. குறித்த நாளில், குறித்த இடத்தில், கேட்க வேண்டியவர் கேட்டுத் தீர்க்க வேண்டிய ஒன்றைத் தம்மிடமிருந்து பொதுவுக்கு எடுத்து வைக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குதிரைமீது திடலை அடைந்தவன் எதைச் சுமந்து வந்தானோ, அதையே அந்தத் தாளின் ஒற்றை வரி சுமக்கிறது.